விரால் வயித்துல என்ன இருந்துச்சு

எங்க அப்பத்தா மீன் அலசுறத நீங்க பாத்திருக்கணும். கொல்லையில கெணத்தடிக்குப் பக்கத்துல ஒரு செம்புராங்கல்லு கெடக்கும், அதுமேல அடுப்புச் சாம்பலக் கொட்டி விராலைப் பெரட்டும், சாம்பல் போடலன்னா விரால் கையில நிக்காது, வழுக்கிட்டுப் போயிரும். பெறகு கல்லுல தேச்சு செதிலெடுத்து அருவாமனையில வச்சு வயித்தக் கீறும். அங்கதான் அப்பத்தாவோட கை நிக்கும். மத்தவங்க வீட்டுல கொடல இழுத்து காக்காய்க்கு வீசிருவாங்க. அப்பத்தா வீசாது. எரப்பைய தனியாப் பிரிச்சு, நகத்தால கீறி, உள்ள இருக்குறத கல்லுமேல பைய பிதுக்கி வச்சுப் பாக்கும். பாத்துட்டு சொல்லும்: "நண்டு ஓடாக் கெடக்கு. கம்மாயில தண்ணி முழங்காலுக்கு எறங்கிருச்சு."

அந்தக் கம்மாய்க்கு அப்பத்தா போயி ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும். ஆனா சொன்னது சரியா இருக்கும்.

எங்க ஊரு கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் எட்டுன தூரத்துல இருக்குற சின்ன ஊரு. செட்டிநாட்டுல வத்தாத ஆறு கிடையாது, மழை பெஞ்சாதான் தண்ணி, அந்தத் தண்ணிய ஊருணியிலயும் கம்மாயிலயும் பிடிச்சு வச்சாதான் சோறு. அதனால எங்களுக்கு வருசம்ங்கறதே தண்ணி ஏறி எறங்குற கணக்குதான், அந்தக் கணக்க அப்பத்தா மீன் வயித்துல படிச்சுச்சு. ஐப்பசி கார்த்திகையில கம்மாய் நெறஞ்ச புதுசுல தண்ணி புல்லுத்தரைக்கு மேல ஏறி நிக்கும், அப்ப விரால் வயித்துல வெட்டுக்கிளி, மண்புழு, தலைப்பிரட்டை, குட்டித் தவளை. தை மாசியில தண்ணி நெதானமானதும் கெண்டைக்குஞ்சு, அயிரை, எறா. பங்குனி சித்திரையில தண்ணி வத்தி சேறு தெரிய ஆரம்பிச்சா நண்டு. அதுக்கும் பெறகு சில விரால் வயித்துல விரால் குஞ்சே இருக்கும். அது வந்தா மட்டும் அப்பத்தா ஒண்ணும் சொல்லாது, சட்டுனு கழுவிவிட்டுரும்.

பின்னாடி நான் காரைக்குடியில விலங்கியல் படிச்சப்ப ஒருநாள் ப்ராக்டிகல்ல மீனோட எரப்பைய அறுத்து உள்ள இருக்குறத தட்டுல பரப்பி, பூச்சி எத்தன, மீன் எத்தன, பாசி எத்தனன்னு எண்ணி எழுதச் சொன்னாங்க. ஒரு நீர்நிலையில யாரு யாரைத் திங்குறாங்கன்னு கண்டுபிடிக்க விஞ்ஞானிங்க ரொம்ப காலமா செய்யுற வேலையே இதுதான். எனக்குக் கை நடுங்குச்சு, பயத்துல இல்ல, இது எனக்கு ஏற்கனவே தெரியுமேன்னு. வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட சொன்னேன். "மீனு வாயத் தெறந்து சொல்லாதுல்லத்தா, வயிறுதான சொல்லும்"னுச்சு, அவ்வளவுதான், திரும்பிப் புளியக் கரைக்கப் போயிருச்சு.

கெண்டைய அறுக்கும்போது அப்பத்தா எரப்பையத் தேடாது. ஏன்னா கெண்டைக்கு எரப்பையே கெடையாது, ரோகு கட்லா எல்லாம் அந்தக் குடும்பந்தான், வாயில இருந்து நேரா கொடல்தான். பாசியும் செடியும் திங்குற மீனுக்குக் கொடல் அவ்வளவு நீளமா சுருட்டி சுருட்டி இருக்கும், செரிக்க நேரம் வேணும்ல. விராலுக்கு கொடல் குட்டை, மாமிசம் சீக்கிரம் செரிச்சுரும். அயிரை இன்னொரு தினுசு, அது அடியில கெடக்குற வண்டல வாயில அள்ளி அதுல இருக்குற அழுகுன எல, நுண்ணுயிரு, புழு எல்லாத்தையும் சேத்துத் திங்குறது. அதனாலதான் அயிரை மீன் குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடி உயிரோட தேங்காப்பால்லயோ மோருலயோ கொஞ்ச நேரம் விடுவாங்க, மண்ணக் கக்கட்டும்னு. எங்க பக்கத்து சமையல்ல இருக்குற இந்தப் பழக்கமே அயிரை எங்க மேயுதுங்கறதுக்கு சாட்சி. கம்மாய்க்குள்ள விழுற கருவேல எல, மாட்டுச் சாணி, செத்த புல்லு இதெல்லாம் வீணாப் போறது இல்ல, மொதல்ல பாக்டீரியா தின்னு, அத புழு தின்னு, புழுவ அயிரை தின்னு, அந்த வழியா மேல ஏறி வருது. பச்சைப் பாசியில தொடங்குற வழி மாதிரியே செத்த எலையில தொடங்குற வழியும் பெருசு.

பள்ளிக்கூடத்துல உணவுச் சங்கிலின்னு படம் போடச் சொல்லுவாங்கல்ல, பாசி, அம்புக்குறி, பூச்சி, அம்புக்குறி, சின்ன மீன், பெரிய மீன், கொக்கு. எல்லா அம்புக்குறியும் ஒரே பக்கம் போகும். எனக்கு அந்தப் படத்துமேல இன்னைக்கு வரைக்கும் மனத்தாங்கல் இருக்கு. ஏன்னா எங்க கம்மாயில அம்புக்குறி திரும்பும். தட்டான் தெரியும்ல, மழைக்கு முன்னாடி கூட்டமாப் பறக்குமே, அது முட்டை போடுறது தண்ணியில, அதோட புழு மாசக்கணக்கா தண்ணிக்குள்ளதான் வாழும், அதுக்குக் கீழ் உதடு மடக்கி வச்ச கை மாதிரி இருக்கும், எரை பக்கத்துல வந்ததும் சட்டுனு நீட்டிக் கவ்விரும். தலைப்பிரட்டை, கொசுப்புழு, அப்பறம் மீன்குஞ்சு, அதுல விரால் குஞ்சும் உண்டு. அதே விரால் குஞ்சு தப்பிச்சு நாலு விரல் நீளம் வளந்துருச்சுன்னா இப்ப அது தட்டான் புழுவத் திங்கும். அப்ப யாரு யாருக்கு எரை? வயசச் சொல்லாம இதுக்கு பதில் கெடையாது. ஒரே விரால், பொறந்ததும் கண்ணுக்குத் தெரியாத தண்ணிப்பூச்சியத் திங்குது, பெறகு பூச்சி, பெறகு மீன், தவளை, நண்டுன்னு ஒரு ஆயுசுக்குள்ள நாலு அம்புக்குறி தாண்டுது.

விரால் குஞ்சு பொரிச்சா நல்ல செவப்பா, கங்கு மாதிரி ஒரு கூட்டமா தண்ணி மேல மெதக்கும், கீழ அப்பனும் ஆத்தாளும் காவல் நிக்கும். அந்தச் செவப்பப் பாத்து கீழ இருக்குற பெரிய ஜோடியத் தூண்டில் போட்டு எடுக்குறது ரொம்ப சுலபம், எதப் போட்டாலும் குஞ்சக் காப்பாத்த வந்து அடிக்கும். எங்க ஐயா அந்த மாதிரி பிடிக்க மாட்டாரு. பிடிச்சுட்டு வந்தவங்க வீட்டுல கை நனைக்கவும் மாட்டாரு. காரணம் கேட்டா "காவல எடுத்துட்டா அம்புட்டும் போயிரும்"னு மட்டும் சொல்லுவாரு, அப்ப எனக்கு குஞ்சத்தான் சொல்றாருன்னு நெனப்பு. அவரு கம்மாயையே சொல்லியிருக்கலாம்.

இப்ப ஊருணிக்கு வர்றேன். கம்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. எங்க ஊருணி குடிதண்ணி ஊருணி, நாலு பக்கமும் செம்புராங்கல் படி, மாடு எறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, காலக் கழுவக் கூடாது, செருப்ப மேலயே விட்டுட்டுத்தான் எறங்கணும். அப்பத்தா கொடத்து வாயில வெள்ளவேட்டித் துணிய நாலா மடிச்சு கட்டித்தான் தண்ணி மோந்துட்டு வரும். ஒருநாள் துணி இல்லாம ஒரு கண்ணாடி டம்ளர்ல மோந்து வெயிலுக்கு நேரா பிடிச்சுக் காட்டுச்சு. உள்ள வெள்ளப் புள்ளி புள்ளியா, சின்னதா, வெடுக்கு வெடுக்குன்னு குதிச்சுக்கிட்டு. "இத முழுங்குனாத்தான் நரம்புச் சிலந்தி வரும்"னுச்சு.

அந்தக் குதிக்கிற புள்ளிக்குப் பேரு சைக்ளாப்ஸ். நரம்புச் சிலந்திங்கறது சிலந்தி இல்ல, ஒரு புழுவால வர்ற நோய், இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாம இருக்குறதே பெரிய பாக்கியம். அந்தப் புழுவோட குஞ்சு தண்ணியில நீந்தும், அத சைக்ளாப்ஸ் திங்கும், செத்துப்போகாம சைக்ளாப்ஸ் உள்ளயே அது வளரும், அந்தத் தண்ணிய மனுசன் குடிச்சா சைக்ளாப்ஸ் வயித்துல செரிச்சுரும், புழு மட்டும் தப்பிச்சு ஒடம்புக்குள்ள எறங்கி ஏறக்குறைய ஒரு வருசத்துல ஒரு மீட்டர் வரைக்கும் வளந்து, கால்ல கொப்புளம் போட்டு வெளிய வரும். தீயா எரியும். எரிச்சல் தாங்காம காலத் தண்ணியில வைப்பாங்க, அதுக்குத்தான் அது காத்துக்கிட்டு இருந்துச்சு, தண்ணி பட்டதும் குஞ்ச விட்டுரும், திரும்ப சைக்ளாப்ஸ். காலக் கழுவக் கூடாதுங்கற ஊருணிக் கட்டுப்பாட்டையும் நாலு மடிப்புத் துணியையும் இதோட சேத்து யோசிச்சுப் பாருங்க, அந்த வட்டத்த ரெண்டு எடத்துல அறுத்து வச்சிருக்காங்க. இந்தியாவுல கடைசி நோயாளி 1996ல ராஜஸ்தான்ல, 2000ல உலக சுகாதார நிறுவனம் நரம்புச் சிலந்தி இல்லாத நாடுன்னு சான்று குடுத்துச்சு. தடுப்பூசியும் கெடையாது, அந்தப் புழுவக் கொல்ற மருந்தும் கெடையாது, வடிகட்டுன தண்ணி, கால நனைக்காம இருக்குறது, நோயாளியத் தேடிப்போயி கவனிக்கிறது, தண்ணியில சைக்ளாப்ஸக் கொல்ற மருந்து போடுறது, இவ்வளவுதான். யாரு யாரைத் திங்குறாங்கன்னு தெரிஞ்சதால ஒழிச்ச நோய் அது.

அதே சைக்ளாப்ஸயும் அதுகூட இருக்குற நீர்த்தெள்ளுப்பூச்சியையும், டாஃப்னியான்னு சொல்லுவாங்க, கெட்டதுன்னு ஒதுக்கிர முடியாது. டாஃப்னியாதான் ஊருணியோட ஆட்டுமந்தை. தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்குற நுண்பாசிய ராவும் பகலும் வடிகட்டித் தின்னுக்கிட்டே இருக்கும். அது நெறைய இருந்தா தண்ணி தெளிவு. அதத் திங்குறது சின்ன மீனுங்க, தலையில ஒரு வெள்ளிப் புள்ளி மின்ன மேலாப்புலயே திரியுமே அந்தக் குட்டி மீனு, கெண்டைப்பொடி, எல்லாம். அந்தச் சின்ன மீனு அளவுக்கு மீறாம பாத்துக்கிறது விராலும் குறவையும் முக்குளிப்பானும் மீன்கொத்தியும் தண்ணிப்பாம்பும். நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப எங்க ஊருணியில மூணாம் படி வரைக்கும் கண்ணுக்குத் தெரியும், அந்தத் தெளிவு யாரோ தேச்சுக் கழுவுனதால வந்தது இல்ல, இத்தன வாயி சேந்து தின்னதால வந்தது.

அப்பறம் கேன் தண்ணி வந்துச்சு. ஊருணியில மோக்கிறது நின்னு போச்சு. மோக்காத தண்ணிமேல யாருக்கும் உரிமை இல்லாத மாதிரி ஆகிப்போச்சு, ஒரு தெருவோட சாக்கட ஓரமா வந்து எறங்குச்சு, விரால் கிலோ 500 ரூபாய்க்கு மேல போகுதுன்னு ராத்திரி ராத்திரியா தூண்டில் விழுந்துச்சு, செவப்புக் குஞ்சு தெரிஞ்ச எடத்துலயே விழுந்துச்சு. அதுக்கப்பறம் பாசி படியுது, கொசு வருதுன்னு ஊருல பேச்சு. பாசியத் திங்குற மீனா விடுவோம்னு நாங்களே சேந்து காசு போட்டு ஒரு பாலித்தீன் பை நெறைய ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு வாங்கிட்டு வந்து விட்டோம். நானும் அந்தப் பையப் பிடிச்சேன், படியில நின்னு கைதட்டுனேன். இத எழுதும்போது இப்பவும் மனசு கனக்குது.

ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவுல இருந்து வந்த மீனு, இந்தியாவுக்குள்ள 1952ல கொண்டாந்தாங்க, ஏழைக்கு மலிவா புரதம் கெடைக்கட்டும்னு நல்ல எண்ணத்துல. ஆத்தா மீனு முட்டையையும் குஞ்சையும் வாயிலயே அடகாத்து வளக்கும், எடம் நெருக்கமா இருந்தா ரெண்டு மூணு மாச வயசுலயே விரல் நீள மீனே முட்டை போட ஆரம்பிச்சுரும். பாசி திங்கும், உண்மைதான். ஆனா பாசி மட்டும் திங்காது. குஞ்சா இருக்கும்போது டாஃப்னியாவத் திங்கும், பெருசானா வண்டலக் கெளறும், மத்த மீனோட முட்டையத் திங்கும், தின்னத உரமா தண்ணியிலயே திருப்பி விடும். அத அடக்க வேண்டிய விராலை நாங்க முன்னாடியே காலி பண்ணியிருந்தோம்.

ரெண்டாம் வருசம் தண்ணி பச்சைப் பெயிண்ட் கரைச்சு ஊத்துன மாதிரி ஆகிப்போச்சு. மொதப் படி தெரியல. வெள்ளன எந்திரிச்சுப் போனா மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடிக்கிட்டு நிக்கும். பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் மூச்சு வாங்கும், அதனால பொழுது விடியுறதுக்குச் சத்த முன்னாடிதான் தண்ணியில காத்து ரொம்பக் கொறைஞ்சு கெடக்கும். ஒரு ஆடி மாசம் விடியக்காலையில கெண்டைப்பொடியெல்லாம் வெள்ளை வெள்ளையா படியோரம் ஒதுங்கிக் கெடந்துச்சு. ஜிலேபி மட்டும் தாங்குச்சு.

சித்தப்பா அதுல ஒரு கூடை பிடிச்சுட்டு வந்தாரு. அப்பத்தா உக்காந்து ஒவ்வொண்ணா அறுத்துச்சு. எல்லாத்துலயும் பச்சைச் சேறு. பத்து, பன்னெண்டு மீனு அறுத்துட்டு கத்திய வச்சுருச்சு. "எல்லா வயித்துலயும் ஒண்ணேதான் இருக்கு. இது நல்லதுக்கில்லத்தா"ன்னு சொல்லுச்சு. நான் நீர்நிலையப் பத்திப் படிச்ச எதுலயும் இதவிட சுருக்கமா நோயச் சொன்ன வரி இல்ல.

இதுக்கு ஒப்பா ஒரு பரிசோதனை இருக்கு, அத சொல்லாம போக முடியாது. அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் டியூஸ்டே ஏரி, பீட்டர் ஏரின்னு சின்னச் சின்ன ஏரிங்க. ஸ்டீபன் கார்பென்டர், ஜேம்ஸ் கிச்செல்னு ரெண்டு பேரும் அவங்க கூட்டாளிகளும் 1985ல ஒரு காரியம் செஞ்சாங்க: பீட்டர் ஏரியில இருந்த பாஸ்ங்கற வேட்டை மீனுல பெரும்பகுதியப் பிடிச்சு டியூஸ்டே ஏரியில விட்டாங்க, டியூஸ்டே ஏரியில இருந்த பொடி மீனப் பிடிச்சு பீட்டர்ல விட்டாங்க, பால்னு மூணாவது ஏரிய தொடாம ஒப்பிட்டுப் பாக்க வச்சுக்கிட்டாங்க. டியூஸ்டேயில பொடி மீன் கொறைஞ்சுச்சு, பெரிய டாஃப்னியா பெருகுச்சு, பாசி கொறைஞ்சுச்சு. தண்ணியில ஒரு சொட்டு மருந்து போடல. மேல இருக்குற வாயி மாறுனா நடுவுல ரெண்டு படி தாண்டி கீழ இருக்குற பாசி வரைக்கும் மாறுதுன்னு ஏரியளவுல காட்டுனாங்க. நம்ம விரால் இருக்குற எடத்துல அங்க பாஸ், அவ்வளவுதான் வித்தியாசம்னு படிச்ச அன்னைக்கு நெனச்சேன்.

ஆனா பீட்டர் ஏரியில என்ன நடந்துச்சுங்கறதுதான் எனக்கு அதவிடப் பிடிச்சது. பொடி மீனக் கொண்டு விட்டதும் அது பெருகி டாஃப்னியாவ அழிக்கும்னுதான எதிர்பார்ப்பு? மிச்சமிருந்த கொஞ்ச பாஸ் அந்தப் பொடி மீன சீக்கிரமே தின்னு முடிச்சுருச்சு. அதோட பெரிய பாஸ் கொறைஞ்சதால அந்த வருசம் பொறந்த பாஸ் குஞ்சு ஏகப்பட்டது பொழச்சுக்கிச்சு, அந்தக் குஞ்சுங்க டாஃப்னியாவத் தின்னுச்சு. வேட்டை மீனோட பிள்ளைங்களே பொடி மீனு வேலையப் பாத்துருச்சு. வயசு மாறுனா அம்புக்குறி மாறும்னு நான் மேல சொன்னேனே, அதேதான்.

இதப் படிச்சுட்டு விராலை விட்டா ஊருணி தெளிஞ்சுரும்னு நான் ஊருல போயி பேசுனேன். அப்படி நேரா நடக்காதுங்கறதையும் சொல்லணும். நம்ம மாதிரி சூடான ஊருல மீனு வருசம் பூரா குஞ்சு பொரிக்கும், பாதி மீனுங்க பாசியும் திங்கும் பூச்சியும் திங்கும், டாஃப்னியாவும் பெருசா வளரவிடாம சின்னதுலயே காலியாகிரும், அதனால மேல இருந்து கீழ எறங்குற அந்த விளைவு குளிர் நாட்டு ஏரி அளவுக்கு சுத்தமா எறங்காது. சாக்கடத் தண்ணியில வர்ற சத்து நிக்கலன்னா எந்த விராலும் ஒண்ணும் பண்ண முடியாது. நாங்க மொதல்ல அந்தச் சாக்கடைய வேற பக்கம் திருப்ப வச்சோம், அதுக்கே ஒண்ணரை வருசம் பேசவேண்டியிருந்துச்சு. பெறகு ஒரு கோடையில ஊருணி அடிவரைக்கும் வத்துச்சு, ஜிலேபிய ஒண்ணு விடாம அள்ளுனோம், வண்டல எடுத்து வயலுக்குக் குடுத்தோம். மழை வந்து நெறஞ்சதும் பக்கத்துக் கம்மாயில இருந்து ரெண்டு குடம் கெண்டைப்பொடி, தலையில புள்ளி வச்ச மீனு, பெறகு தை மாசம் ஏழு விரால். ஐயா இருந்திருந்தா அந்த ஏழையும் அவரு கையால விட்டிருப்பாரு.

ஏன் ஏழு, ஏன் எழுபது விடலன்னு ஊருல கேட்டாங்க. அதுக்கு பதில் 1942ல வந்த ஒரு கட்டுரையில இருக்கு. ரேமண்ட் லிண்டமன்னு ஒரு இளைஞர், மின்னசோட்டாவுல சீடர் பாக்னு ஒரு சின்ன ஏரியில அஞ்சு வருசம் உக்காந்து பாசியில இருந்து மீனு வரைக்கும் எல்லாத்தையும் அளந்தாரு, ஒவ்வொரு படியிலயும் எவ்வளவு சக்தி மேல போகுதுன்னு கணக்குப் போட்டாரு. கட்டுரைய மொதல்ல ஏத்துக்கல, பெறகு ஏத்துக்கிட்டாங்க, அச்சுல வர்றதுக்குள்ள நோய்வாய்ப்பட்டு 26 வயசுல எறந்துபோனாரு. அவரு தொறந்த வழியிலதான் ஒரு படியில இருக்குறதுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும்ங்கற தோராயக் கணக்கு வந்துச்சு. ஆயிரம் கிலோ பாசின்னா நூறு கிலோ டாஃப்னியா, பத்து கிலோ பொடி மீனு, ஒரு கிலோ விரால். மிச்சமெல்லாம் மூச்சாவும் சூடாவும் சாணியாவும் போயிருது. எங்க ஊருணி அளவுக்கு ஏழு விராலே கொஞ்சம் தாராளம்தான்.

விரால் வெல ஏன் ஏறுது, கட்லா ரோகு ஏன் அதவிட மலிவுங்கறதுக்கும் ஒரு பாதிக் காரணம் இதுலயே இருக்கு, அதுங்க கீழ்ப்படிக்குப் பக்கத்துல மேயுற மீனுங்க. கம்மாய் குத்தகை எடுக்குறவங்க கட்லா, ரோகு, மிர்கால் மூணையும் சேத்து விடுவாங்க. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேலாப்புல மெதக்குற தண்ணிப்பூச்சியத் திங்கும். ரோகு நடுத்தண்ணியில பாசியும் செடியும். மிர்கால் அடியில வண்டல். செட்டிநாட்டு வீட்டுல கல்யாணமான அண்ணந்தம்பிக ஒரே வளவுக்குள்ள இருந்துக்கிட்டு வேற வச்சு தனித்தனியா உலை ஏத்துவாங்கல்ல, அந்த மாதிரி ஒரே தண்ணிக்குள்ள மூணு அடுப்பு. இந்த மீனுங்க ஆத்துல மட்டும்தான் முட்டை போடும், குளத்துல போடாதுங்கற நெலமைய மாத்துனது 1957 ஜூலை 10ல ஹீராலால் சவுத்ரி செஞ்ச வேலை, பிட்யூட்டரி சாறு ஊசி போட்டு முட்டை விட வச்சாரு, அந்த நாளத்தான் இப்ப மீன் வளர்ப்போர் தினமா கொண்டாடுறாங்க.

திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக்கு ஒரு தடவயாவது மார்கழியில போயிட்டு வாங்க. கொள்ளுகுடிப்பட்டி கம்மாயெல்லாம் சேந்து 38 ஹெக்டேர் சொச்சம், 1977ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க, ஊர்க்காரங்க பறவை பயந்துரும்னு தீவாளிக்கு வெடி போடுறதில்ல. எங்க அத்தைய அங்கதான் கட்டிக்குடுத்துருக்கு, அவங்க வீட்டுப் பிள்ளைக தீவாளிக்கு எங்க ஊருக்கு வந்துதான் வெடி பாக்கும். நத்தை குத்தி நாரை கூட்டமா வரும், அதோட அலகு மூடுனாலும் நடுவுல சந்து தெரியும், நத்தையப் பிடிச்சு ஓட்ட ஒடைக்காம உள்ள இருக்குற சதைய உருவி எடுக்குறதுக்குன்னே ஆன அலகு. நத்தை தண்ணிச்செடியத் திங்குது, நாரை நத்தையத் திங்குது, கருவேல மரத்துல கூடு கட்டி எச்சத்த கம்மாயிலயே போடுது. சுத்துப்பட்டு வயல்ல தின்ன நத்தையும் நண்டும் தவளையும் எச்சமா மாறி ஒரு கம்மாய்க்குள்ள வந்து சேருது, அந்தத் தண்ணி பாஞ்ச வயல்ல பயிரு தனிக் கருப்பா நிக்கும்னு அத்தை வீட்டு மாமா சொல்லுவாரு. தவளைன்னதும் இன்னொண்ணு, வெளிநாட்டுக்குத் தவளைக்கால் ஏத்துமதி பண்றத 1987ல இந்தியா தடை பண்ணுச்சு, அதுவரைக்கும் கோடிக்கணக்குல வயல் வயலா பிடிச்சு அனுப்புனாங்க, அந்தத் தவளை தின்ன வேண்டிய பூச்சிக்கு அப்பறம் மருந்து அடிச்சாங்க.

நான் இப்ப இருக்குறது திருச்சியில. போன வருசம் மார்க்கெட்டுல உயிரோட விரால் வாங்கி, பழக்கத்துல எரப்பையக் கீறிப் பாத்தேன். பழுப்பா மாவு. பண்ணையில போடுற குச்சித் தீவனம். அடுத்த மாசம் வாங்குனேன், அதே மாவு. கார்த்திகையிலயும் அதே, பங்குனியிலயும் அதே. பண்ணை விரால் வர்றது நல்லதுதான், கம்மாய் விராலுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கெடைக்கும், குத்தம் சொல்லல. ஆனா அந்த வயித்துல மாசம் இல்ல, மழை இல்ல, ஊரு இல்ல. அப்பத்தாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அதுக்கு என்ன தெரியும் பாவம்"னுச்சு.

இந்தச் சித்திரையில எங்க கம்மாயில மீன்பிடித் திருவிழா. வெள்ளத் துண்ட வீசுனதும் கரையில நின்ன அத்தன ஊருச் சனமும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமா எறங்குச்சு, கூடைகூட கொண்டாந்திருந்தாங்க. அன்னைக்குப் பிடிச்ச மீன விக்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோயி கொழம்பு வச்சு சொந்தபந்தத்தோட சாப்பிடணும். எங்க சித்தப்பா மகன் சேத்துல கால வச்சுத் தடவித் தடவியே ரெண்டு விரால் பிடிச்சான். போற வழியில நான் ஊருணியில எறங்கி ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி மோந்து வெயிலுக்கு நேரா பிடிச்சேன். வெள்ளப் புள்ளிங்க குதிச்சுச்சு. ரெண்டாம் படி தெரியுது, மூணாவது இன்னும் தெரியல.

அப்பத்தாவுக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது. அருவாமனையில நான்தான் உக்காந்தேன், அது பக்கத்துல செம்புராங்கல்லுல சாஞ்சு உக்காந்துச்சு. சாம்பல் போட்டுப் பெரட்டி, தேச்சு, கீறி, எரப்பையப் பிரிச்சேன். "என்னத்தா இருக்கு"ன்னு கேட்டுச்சு. நான் சொல்லல, எடுத்து அது உள்ளங்கையில வச்சேன். கட்டைவிரலால மெதுவா உருட்டிப் பாத்துச்சு, கரகரன்னு சத்தம் எனக்கே கேட்டுச்சு.

"நண்டு ஓடு. ஒரு தவளைக்காலும் கெடக்கு. முழங்காலுக்கு இருக்குமாக்கும் தண்ணி?"

வாசல்ல நின்னு கால் சேத்தக் கழுவிக்கிட்டு இருந்த சித்தப்பா அங்கிருந்தே சொன்னாரு, முழங்காலுக்கு ரெண்டு விரக்கட கீழ ஆத்தான்னு.